கேட்காமல் ஏற்றிய மெழுகுவத்தி

ஸ்டூடியோக்காவின் கடையில் காலையில் முதலில் கண் விழிப்பது பிரிண்டர்தான். அது கனைத்து, இருமி, முந்தின நாள் மென்றுவிட்ட காகிதத்தின் மிச்சத்தைத் துப்பிவிட்டு வேலைக்குத் தயாராவதற்குள் அவள் கடையைக் கூட்டி, முன்கண்ணாடியைத் துடைத்து, உள்ளறையில் தொங்கும் நீலத் திரையின் சுருக்கத்தை நீவி விட்டிருப்பாள். கல்யாணப் பத்திரிகை, திறப்பு விழா பேனர், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இறந்தவர்களுக்கு அஞ்சலி அட்டை என்று ஒரு மனிதப் பிறவிக்கு வேண்டிய அத்தனையும் அந்தச் சின்ன அறைக்குள் கிடைக்கும். "பொறந்தாலும் எங்க கடைதான், போனாலும் எங்க கடைதான்" என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

படம் பிடிப்பது அவள் கணவரின் வேலை. எதைச் சொன்னாலும் "அது சரிப்படாது" என்றே ஆரம்பிப்பதால் தெருவில் அவருக்கு நெகட்டிவ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது காதில் விழுந்தபோதும் அவர் கோபப்படவில்லை. "இந்தப் பேரும் நிலைக்காது" என்றுதான் சொன்னார்.

எடுத்த படத்தைக் கணினியில் போட்டு அழகாக்குவது ஸ்டூடியோக்காவின் வேலை. கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையம் போகும். கன்னம் கொஞ்சம் வெளுக்கும். பெண்கள் என்றால் உதட்டில் ஒரு சிட்டிகை சிவப்பு ஏறும். வேண்டுமா என்று அவள் யாரையும் கேட்டதில்லை. வாங்கிப் பார்க்கிறவர்கள் "நானாக்கா இது?" என்று பூரித்துப் போவார்கள், அவளுக்கும் அது போதுமானதாக இருந்தது.

அன்றைக்குத் திரையை நீவிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் விடாமல் கத்த ஆரம்பித்தது. தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. மருந்துக்கடைக்காரர்தான் அதற்குத் தலைவர். தண்ணீர் வரவில்லை, யாரோ வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள் என்பதைத் தாண்டி அதில் பெரிதாக ஒன்றும் வராது. அன்று வந்தது வேறு. மூலையில் இருக்கும் மரச்சாமான் கடையில் பில் போடும் பெண்ணை, அந்தக் கடை மேனேஜர் கிடங்குக்குள் வைத்துக் கெடுத்துவிட்டானாம். கெடுத்துவிட்டான் என்றுதான் எழுதியிருந்தார்கள். செய்தவன் அவன், ஆனால் கெட்டுப்போனவள் அவள் என்று அந்த ஒரு வார்த்தையே தீர்ப்பு எழுதிவிடுகிறது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

குரூப் சொன்னபடி, காலையில் அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மதியம் ஐசியூவுக்குப் போனாள். சாயங்காலம் வாக்கில் யாரோ கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டு "ஆழ்ந்த இரங்கல்" என்றார்கள். அதற்குக் கீழே இன்னொருவர், அவருக்குக் கீழே வேறொருவர் என்று குரூப் முழுக்கக் கை கூப்பிவிட்டது. அவளை முதலில் சாகடித்தது யார் என்று பின்னால் தேடிப் பார்த்தபோது யாராலும் சொல்ல முடியவில்லை.

ஸ்டூடியோக்கா அத்தனையையும் ஒன்றுவிடாமல் படித்தாள். அவளுக்கும் ஒரு மகள் இருக்கிறாள், வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நாளைக்கு அவளும் ஏதோ ஒரு கடையில், ஏதோ ஒரு மேனேஜருக்குக் கீழே வேலைக்குப் போகப் போகிறவள்தானே.

"பாவி, கொன்னே போட்டுட்டானே" என்றாள்.

"ஆள் உயிரோட இருக்கான்னு யாரையாவது கேட்டியா?" என்றார் கணவர், லென்ஸைத் துடைத்துக்கொண்டே.

"எல்லாரும்தான் போடறாங்களே."

"அந்த எல்லாரும் யாரைக் கேட்டாங்க?"

"உங்களுக்கு எதுலதான் நல்லது தெரிஞ்சிருக்கு? ஒரு பொண்ணு செத்துக் கிடக்கா, இப்பவும் எதிர்ப்பேச்சா? சும்மா இருங்க."

அவர் மறுபடியும் லென்ஸைத் துடைக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டார்.

"அக்கா, நாம ஏதாவது செய்யணும்க்கா. நீதி வேணும்னு ஒரு போஸ்டர் பண்ணிக் குடுங்க. நம்ம தெருவுலேருந்து கிளம்பினதா இருக்கட்டும். ஆனா வெறும் எழுத்து மட்டும் போட்டா ஒருத்தனும் ஷேர் பண்ண மாட்டான். முகம் இருந்தாத்தான் நல்லா போகும்."

முகம் அவளிடம் இருந்தது. அந்த மரச்சாமான் கடை வேலைக்கு விண்ணப்பம் போட, சில மாதங்களுக்கு முன்னால் அந்தப் பெண் இங்கேதான் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். கூச்சப்படுகிற பெண். "சிரிக்கணுமா, வேண்டாமாக்கா?" என்று அவள் கேட்டதுகூட நினைவிருந்தது.

கோபம் சூடாக இருக்கும்போது புதிதாக வடிவமைக்கவெல்லாம் யாருக்குப் பொறுமை இருக்கிறது? அஞ்சலி அட்டைக்கென்று எப்போதும் தயாராக ஒரு அச்சு வைத்திருப்பாள். கறுப்பு ஓரம், மேலே வெள்ளைப் பூ, கீழ் மூலையில் எரியும் மெழுகுவத்தி. படத்தை இழுத்து நடுவில் வைத்தாள். "எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு நீதி வேண்டும்" என்று பெரிதாக எழுதினாள். பூவை எடுத்துவிட்டாள். மெழுகுவத்தியையும் எடுத்துப் பார்த்தாள், மூலை மொட்டையாக இருந்தது. திரும்ப வைத்தாள். அடியில் எப்போதும் வரும் கடைப்பெயரை மட்டும் நீக்கினாள். இதில் போய் விளம்பரமா என்று கூசியது அவளுக்கு. அது நல்ல மனசுதான். ஆனால் அந்த நல்ல மனசால், அந்தப் போஸ்டர் யார் கையிலிருந்து கிளம்பியது என்ற தடயமே இல்லாமல் போனது.

மறுநாள் காலையில் அது ஊர் முழுக்கப் பரவியிருந்தது. முன்பின் தெரியாதவர்கள் அதைத் தங்கள் முகப்புப் படமாக வைத்திருந்தார்கள். டிவியில்கூட முகத்தை லேசாக மங்கலாக்கிக் காட்டினார்கள், மெழுகுவத்தி பளிச்சென்று தெரிந்தது. ஸ்டூடியோக்காவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று அவள் பின்னாளில் ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை.

வேலைக்கு நடுவே அடியில் வரும் கமெண்டுகளை வாசித்தாள். முதலில் எல்லாரும் தூக்கில் போடச் சொன்னார்கள். பிறகு ஒருவர், "இத்தனை நாளா அங்கதானே வேலை பார்த்தா, அவன் எப்படிப்பட்டவன்னு தெரியாதா?" என்று மெதுவாகக் கொக்கி போட்டார். இன்னொருவர், "கிடங்குக்குத் தனியா ஏன் போனாளாம்?" என்றார். பில் போடுகிறவள் சரக்கு இருக்கிறதா என்று பார்க்கக் கிடங்குக்குப் போகாமல் கடற்கரைக்கா போவாள்? மேனேஜர் எந்தக் கட்சி என்று ஒரு கூட்டம் தோண்டியது. உங்கள் ஆட்சியில் நடக்கவில்லையா என்று எதிர்க்கூட்டம் பட்டியல் போட்டது. ஆளாளுக்கு அடித்துக்கொண்டதில் அந்தப் பெண் எங்கேயோ காணாமல் போனாள். அவள் முகம் மட்டும் மேலே இருந்தது.

அப்புறம் ஒருவன் அந்த முகத்தையே பெரிதாக்கி, உதட்டைச் சுற்றி வட்டம் போட்டான். "பில் போடற வேலைக்கு இவ்வளவு லிப்ஸ்டிக்கா? இதைப் பார்த்தாலே தெரியலையா?" என்று கேட்டிருந்தான். அதற்குக் கீழே ஒரு கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது.

ஸ்டூடியோக்காவின் கை மவுஸிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெண் வந்தபோது அவள் உதடு வெயிலில் காய்ந்து வெடித்துப் போயிருந்தது. இந்தச் சிவப்பு முழுவதும் இந்தக் கை போட்டது. "அந்தக் கலர் நான் போட்டதுடா" என்று தட்டினாள். அனுப்பினால் நீ யார் என்று கேட்பார்கள், போட்டோ உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்பார்கள். எழுத்தை ஒவ்வொன்றாக அழித்தாள். அதற்குப் பதிலாக வேறு எவனிடமோ, வேறு எதற்கோ போய்ச் சண்டை போட்டாள். பொழுதெல்லாம் சண்டைதான். அந்த மும்முரத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா பெயரைப் பெண்ணின் அப்பாவாக அச்சடித்துக் கொடுத்து, இரண்டு வீட்டாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் அதுவும் ஓய்ந்தது. ஒரு நடிகரின் விவாகரத்து வந்தது, எல்லாரும் அந்தப் பக்கம் கிளம்பிப் போனார்கள். தெருக் குரூப்பில் மறுபடியும் தண்ணீர் வரவில்லை. ஸ்டூடியோக்காவுக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி ஒரு அசதி. எதையோ செய்து முடித்த அசதி என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் மதியம், கணவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கடைக்கு ஒரு பெண் வந்து நின்றாள். தலையைத் துணியால் சுற்றியிருந்தாள்.

"பாஸ்போர்ட் சைஸா, ஸ்டாம்ப் சைஸாம்மா?" என்றாள் ஸ்டூடியோக்கா, தலையைத் தூக்காமலேயே.

"எடுக்க வரலக்கா. அழிக்க வந்தேன்."

ஸ்டூடியோக்கா நிமிர்ந்தாள். எத்தனையோ இறந்தவர்களின் படங்களை அவள் சரிசெய்து கொடுத்திருக்கிறாள். அவர்களில் ஒருவர்கூடக் கடைக்கு வந்து நின்றதில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ... மரச்சாமான் கடையில..."

"ஆமாக்கா. நான்தான்."

உள்ளேயிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உட்காரும்மா" என்றார்.

"நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டாள் ஸ்டூடியோக்கா. கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று உறைத்தது.

"இருக்கேன்" என்றாள் அந்தப் பெண். "ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரிதான் வச்சிருந்தாங்க. உங்க போஸ்டர் வந்தப்ப நான் வீட்டுலதான் இருந்தேன். அம்மா எனக்குத் தலை சீவி விட்டுட்டிருந்தாங்க. மாமா ஃபோன் பண்ணி, உயிர் எப்படி போச்சுன்னு கேட்டு ஓன்னு அழறாரு. அம்மாவுக்கு ஒண்ணும் புரியாம ஃபோனை என்கிட்ட குடுத்துட்டாங்க. நான் ஹலோன்னதும் அவர் பயந்துபோய் வச்சுட்டாரு."

அவள் லேசாகச் சிரித்தாள். மற்ற இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

"எனக்கும் முதல்ல சிரிப்பாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது. நான் உயிரோட இருக்கறது எல்லாருக்கும் ஏதோ ஏமாத்தின மாதிரி ஆயிடுச்சுக்கா. 'அப்போ அவ்வளவு மோசமா ஒண்ணும் நடக்கலையா?'ன்னு பக்கத்து வீட்டம்மா எங்கம்மாகிட்டயே கேக்கறாங்க. பஸ்ல ஏறினா என் முகத்தைப் பார்க்கறாங்க, அப்புறம் ஃபோனைப் பார்க்கறாங்க, மறுபடியும் என் முகத்தைப் பார்க்கறாங்க. உதட்டை உத்துப் பார்க்கறாங்க."

ஸ்டூடியோக்கா தலை குனிந்தாள். "இது என் கடை போட்டோன்னு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"நான் வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் நீலத் திரைக்கு முன்னாடி நின்னிருக்கேன்."

அந்தப் பெண்ணே தொடர்ந்தாள்.

"நாளைக்குக் கோர்ட்டுல நான் வாக்குமூலம் குடுக்கணும். அந்த மேனேஜரோட வக்கீல் என்ன எழுதிக் குடுத்திருக்காராம் தெரியுமா? நாங்களே போட்டோவைக் குடுத்து, செத்துட்டேன்னு பொய்யைக் கிளப்பி, கூட்டம் சேர்த்தோமாம். சாவுலயே பொய் சொன்னவ மத்ததுல உண்மையா சொல்லப் போறான்னு கேக்கறாராம். அம்மாவுக்கு இதுக்கெல்லாம் பதில் சொல்லத் தெரியல. எனக்கும் தெரியல. எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சுக்கா. நாளைக்கு நான் போகல. கேஸே வேண்டாம்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

"அவன்?"

"அவன் வெளியில வருவான். வரட்டும்." அந்தப் பெண் கணினியைப் பார்த்தாள். "நான் போறதுக்கு முன்னாடி இங்க இருக்கறதையாவது அழிச்சிடுங்க. ஏதாவது ஒரு இடத்துலயாவது நான் இல்லாம இருக்கணும்."

ஸ்டூடியோக்கா தேடி எடுத்தாள். உதடு சிவக்காத பழைய படம், சிவந்த படம், மெழுகுவத்தி வைத்த படம். மூன்றையும் அழித்தாள். அழித்தவை போய்க் கிடக்கும் குப்பைத் தொட்டியையும் திறந்து காலி செய்து காட்டினாள்.

"அவ்வளவுதானாக்கா?"

"இங்க அவ்வளவுதாம்மா."

"வெளியில?"

"வெளியில இருக்கறது என் கைய மீறிப் போயிடுச்சு."

அந்தப் பெண் தலையசைத்தாள். திட்டவில்லை, சாபம் விடவில்லை, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஸ்டூடியோக்காவிடம் பதில் இருந்தது. உனக்காகத்தான்ம்மா செய்தேன் என்று அழுதிருப்பாள், அழுதால் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். அதற்கும் வழியில்லாமல் அந்தப் பெண் துணியைத் தலையில் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"இரும்மா" என்றாள் ஸ்டூடியோக்கா. "அந்த போட்டோவை வெளியில விட்டது நான்தான்னு நான் வந்து சொல்றேன். உங்க வீட்டுல யாருக்கும் தெரியாம, உன்னையும் கேக்காம நான் செஞ்சதுன்னு எழுதிக் குடுக்கறேன்."

"அது சரிப்படாது" என்றார் கணவர்.

இந்த முறை அது பழக்கத்தில் வந்த வார்த்தையாக இல்லை. மனைவியை ஒரு பக்கமாக அழைத்துப் போய்த் தணிந்த குரலில் சொன்னார். "இந்த மாதிரி கேஸ்ல பொண்ணோட முகத்தைக் காட்டறதே குத்தம். நீ சாட்சி சொல்லப் போகல, உன்னை நீயே பிடிச்சுக் குடுக்கப் போற. நாளைக்குக் கடைக்கு எவன் படம் எடுக்க வருவான்? நம்ம பொண்ணு காதுக்கு இது எப்படிப் போகும்?"

அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டாள், கூட வருவார் என்று ஒரு நப்பாசை.

"ஐயோ அக்கா, இப்ப போய் எதுக்கு இதெல்லாம்? விஷயம் அடங்கிப் போச்சே" என்றார் அவர். "உயிரோட இருக்கான்னா சந்தோஷம். அதோட விடுங்க. தயவு செஞ்சு என் பேரை இழுத்துடாதீங்க."

அவள் ஃபோனை வைத்தாள். அடங்கிப் போச்சாம். யாருக்கு அடங்கிப் போனது என்று நினைத்தபோது, வாசலில் நின்றுகொண்டிருந்த அந்தப் பெண்ணின் முதுகு கண்ணில் பட்டது. ஒரு போஸ்டரைச் செய்ய அவளுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அப்போது ஒரு முறையாவது பயந்திருந்தால் இப்போது பயப்பட வேண்டி வந்திருக்காது.

"நான் போறேங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "சரிப்படாதுதான்" என்று பெருமூச்சு விட்டார். "ஆனா போ. கடையை நான் பார்த்துக்கறேன்."

காவல் நிலையத்தில் விசாரணை அதிகாரி ஒரு பெண். அவளும் தூக்கம் இல்லாதவள் மாதிரித்தான் இருந்தாள். ஸ்டூடியோக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவள், மெழுகுவத்தி வந்த இடத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"செத்துட்டாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"எல்லாரும் சொன்னாங்க மேடம்."

"எல்லாரும்னா யாரு?"

ஸ்டூடியோக்கா ஃபோனை எடுத்துக் குரூப்பில் மேலும் கீழும் தேடினாள்.

"இதை அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா இந்தப் பொண்ணுக்கு இவ்வளவு அலைச்சல் வந்திருக்காது" என்றாள் அதிகாரி. "நாளைக்கு இதை கோர்ட்டுல குடுத்துடுவேன். அந்த வக்கீல் வாயை இது அடைக்கும். ஆனா உங்க மேலயும் வழக்கு வரும். புரியுதா?"

"புரியுது. போடுங்க மேடம்."

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். கடையிலிருந்து கூடவே வந்திருந்த அந்தப் பெண் அதே பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நன்றி சொல்ல அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை, மன்னிப்புக் கேட்க ஸ்டூடியோக்காவுக்கு வாய் வரவில்லை.

அப்போது ஃபோன் அடித்தது. மருந்துக்கடைக்காரர்தான். எங்கே இருக்கிறாள் என்றுகூடக் கேட்கவில்லை. குரல் பதறியது.

"அக்கா, பார்த்தீங்களா? இன்னொரு ஊர்ல, ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்களுக்கு... சொல்லவே வாய் கூசுது. குரூப்பே கொதிச்சுப் போயிருக்கு. அவங்க போட்டோ கிடைச்சிருக்கு, அனுப்பறேன். உடனே ஒரு போஸ்டர்..."

"அவங்களைக் கேட்டீங்களா?"

"யாரை?"

"அந்த டீச்சரை. இல்ல, அவங்க வீட்டு ஆளுங்களை. உங்க முகத்தைப் போடட்டுமான்னு கேட்டீங்களா?"

"அவங்க இருக்கற நிலைமையில எப்படிக்கா கேக்கறது? எல்லாரும் போட்டாச்சு. நாம மட்டும் சும்மா இருந்தா..."

"சும்மா இருங்க" என்றாள் ஸ்டூடியோக்கா. கத்தவில்லை. கத்த அவளிடம் தெம்பும் இல்லை. "கேக்க முடியாத நிலைமையில இருக்கறவங்க முகத்தை எடுக்கறதுக்கு நமக்கு யாரு உரிமை குடுத்தா? அவங்களுக்கு நடந்ததே அவங்களைக் கேக்காம நடந்ததுதானே அண்ணே. நாமளும் கேக்காமத்தான் எடுக்கறோம். நியாயம் கேக்கணும்னா செஞ்சவனைப் பத்திக் கேளுங்க, கேஸ் என்ன ஆச்சுன்னு கேளுங்க, தீர்ப்பு வர்ற வரைக்கும் விடாமக் கேளுங்க. பாதிக்கப்பட்டவ முகத்தை நடுத்தெருவுல வச்சுக் கேக்கறதுக்குப் பேரு நியாயம் இல்ல. அது நம்ம கோபத்துக்கு அவ முகத்தைக் கடன் வாங்கறது. நாம திருப்பிக் குடுக்கவே முடியாத கடன் அது. நான் இப்ப ஸ்டேஷன்லதான் உட்கார்ந்திருக்கேன். வச்சுடறேன்."

ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பக்கத்தில் பெஞ்சு லேசாக அசைந்தது. அந்தப் பெண் எழுந்து, சுற்றியிருந்த துணியைத் தலையிலிருந்து கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அதிகாரியின் அறை வாசலில் போய் நின்றாள்.

"மேடம்" என்றாள், "நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரணும்?"